பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய பெயரைச் சொல்வதற்கு முன்பே அவர் எங்கே பிறந்தவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ‘சரவணையைப் பிறப்பிடமாகவும் வேலணையை வதிவிடமாகவும் கொண்ட’ என்கிற மாதிரித் தொடங்காத மரண அறிவித்தலை நான் ஒருநாளும் கணினியில் தட்டியதில்லை. அதற்குப் பிறகுதான் பெயர். பிறகு இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, சுவிஸ், லண்டன் என்று நாடு போட்ட பிள்ளைகள், சகோதரங்கள். கடைசியில் எத்தனை மணிக்கு, எந்த மயானம்.

வேலணையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட விண்ணப்பம், காணி உறுதி, அடையாள அட்டை என்று எல்லாம் கொப்பி எடுக்க வரும். ஆனாலும் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் செத்தவீட்டுக்காரர்கள். அழுதழுது வீங்கிய முகத்தோடு வந்து நிற்பார்கள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். “பிறப்பிடம்?” என்று கேட்பேன். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து சரியாகச் சொல்வார்கள். பிறந்த திகதியில் தடுமாறுவார்கள், மருமகனின் முழுப்பெயரில் தடுமாறுவார்கள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்து நின்ற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தால் கால் ஆடத் தொடங்கிவிடும். எழும்பிக் கடை வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், அச்சியந்திரத்தின் தாள் தட்டை இழுத்துப் பார்ப்பேன். “உனக்குக் காலிலை சில்லுப் பூட்டி விட்டிருக்கு” என்பார் அம்மா. நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். அப்பா போய்ப் பல வருடம். அண்ணா கனடாவில். என் கலியாணம் இரண்டு வருடத்தில் முறிந்தது. அது வேறு கதை, இங்கே தேவையில்லை.

நாங்கள் இருப்பது யுத்தத்துக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில். ஒரே ஒழுங்கை, இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் பாதி ஒழுங்கை பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஒரு தமிழ் ஊர், அவ்வளவுதான். உள்ளே இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. முன்பக்கத்து எட்டு வீடும் கத்தோலிக்கர். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களின் அறிவித்தலுக்கு மேலே சிலுவை போடுவேன். நடுவில் சைவ வீடுகள். தோட்டம், பனை, அரசாங்க உத்தியோகம் என்று கலந்திருப்பவர்கள். அவர்களுக்குக் குத்துவிளக்கு. அந்த நடுவுக்குள்ளும் ஒரு கோடு உண்டு. அதை ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். எந்த மயானம் என்று தட்டும்போது எனக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் போகச் சொல்லி விரட்டப்பட்டு, புத்தளத்தில் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். அவர்கள் என்னிடம் அறிவித்தல் அடிப்பதில்லை; தட்டி முடிப்பதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். பதின்மூன்றாம் வீட்டு மேசனின் மனைவி அநுராதபுரப் பக்கத்துச் சிங்களப் பெண். அவளுடைய தகப்பன் இறந்தபோது அவள் தங்கள் வழக்கப்படி ஒழுங்கை நீளத்துக்கு வெள்ளைக் கொடி கட்டினாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கடைசியில், ஒழுங்கை முடிந்து பற்றை தொடங்குகிற இடத்தில், மலையகத்து ஆட்களின் இரண்டு வீடுகள். ஒரு கலவரத்தில் மலையிலிருந்து வன்னிக்கும், யுத்தத்தில் வன்னியிலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து கூலிவேலைக்கு இங்கேயும் வந்தவர்கள். ‘தோட்டக்காட்டு ஆக்கள்’ என்பார்கள் எங்கள் ஆட்கள், முகத்துக்கு நேரே இல்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. நானும் சொல்லியிருக்கிறேன்.

என் அம்மாவும் மலையகம்தான்.

அப்பா சரவணைக்காரர். தீவுப்பகுதி ஆண்கள் பலரைப் போல அவரும் மீசை அரும்புகிற வயதில் கடை வேலைக்கென்று தெற்கே போனவர். மலைநாட்டு டவுன் ஒன்றில் சொந்தக்காரரின் பலசரக்குக் கடை. மாதச் சாமான் வாங்க வந்த தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்றின் மூத்த பெண் அம்மா. எழுபத்தேழுக் கலவரத்தில் கடை எரிந்தபோது அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வருகிற வழியிலேயே கதை தயாராகிவிட்டது. இவள் அங்கே கடை வைத்திருந்த எங்கள் ஊர் ஆட்களின் பிள்ளை. சரவணையில் பிறந்து, கைக்குழந்தையில் தாய் தகப்பனோடு போனவள். அவர்கள் கலவரத்தில் செத்துப்போனார்கள். உயிரோடு இருந்த இரண்டு பேரைச் சாகடித்துவிட்டுத்தான் அம்மா எங்கள் ஊருக்கு மருமகளானார். ஊர் அதை நம்பியதா என்று எனக்குத் தெரியாது. நம்பியது போல நடந்துகொண்டது.

அம்மா எங்களைவிடச் சுத்தமாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். நித்திரையில் கூப்பிட்டாலும் “ஓம்” என்றுதான் எழும்புவார். ஒடியற்கூழ் காய்ச்சினால் அடுத்த வேலிவரை ஆள் கூடும். யுத்தத்தில் தீவை விட்டு எல்லாரும் ஓடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஓட்டத்தில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்த ட்ரங்குப்பெட்டி தொலைந்தது. அப்பா அதைத் தேடவில்லை. ஏன் தேடவில்லை என்று நான் அரித்தெடுத்தபோதுதான் உண்மையைச் சொன்னார். “வெளியிலை கதைக்கப்படாது” என்றார். நான் கதைக்கவில்லை. வீட்டுக்குள்ளும் கதைக்கவில்லை. எந்தத் தோட்டம் என்றுகூட அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அம்மாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் கீரை வாங்கப் போவார். போனால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வருவார். “ஒரு பிடி கீரைக்கு இவ்வளவு நேரமோ” என்று சினப்பேன். எங்கள் வேலியிலேயே முருங்கை இலை கொட்டிக் கிடந்தது.

குடிசன மதிப்பீட்டுக் கணக்கெடுக்க ஒரு பிள்ளை வந்தாள். விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை “இனம்?” என்றாள். இலங்கைத் தமிழருக்கு ஒரு கட்டம், மலையகத் தமிழருக்கு வேறு கட்டம்.

“இலங்கைத் தமிழர்.”

“ரெண்டு பேருமோ அக்கா?”

“ரெண்டு பேரும்தான்.”

அவள் கையிலிருந்த கருவியில் இரண்டு முறை தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அம்மா தலை நிமிரவில்லை. அவள் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு உள்ளித் தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“கேட்டது என்னைப் பற்றி. சொன்னது நீ.”

“சொன்னதிலை என்ன பிழை?”

“பிழையோ சரியோ, எனக்கு வாய் இருக்குப் பிள்ளை. இனி ஒண்டு கேக்கிறன். என்ரை நோட்டீசிலையாவது உண்மையைப் போடு. நீதானே அடிக்கப்போறாய்.”

“சாகிற கதை கதையாதையுங்கோ” என்றுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். காலையில்தான் கூட்டியிருந்தேன். கூட்டிய முற்றத்தைத் திரும்பவும் கூட்டினேன்.

அடுத்த மாரியில் அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள். கடைசி இரண்டு நாளும் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. தாதி வந்து “அம்மா, மருந்து குடிப்பமோ?” என்று கேட்டபோது அம்மா “ஆமா” என்றார். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த வாயிலிருந்து வராத மலையகத்துச் சொல். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி படுத்திருக்கிறாளே என்ற பயம். அம்மாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து “ஓம் அம்மா, ஓம்” என்றேன், பள்ளிக்கூடப் பிள்ளையைத் திருத்துகிற மாதிரி. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இறந்த அன்று காலை அண்ணா கனடாவிலிருந்து போன் எடுத்தான். அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

“நோட்டீஸ் அடிச்சிட்டியோ?”

“இனித்தான். அண்ணா, அம்மா என்னட்டை ஒண்டு கேட்டவ. பிறந்த இடத்தை உள்ளபடி போடச் சொன்னவ.”

“என்ரை மகளுக்கு இப்பதான் கலியாணப் பேச்சு முற்றாகியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நயினாதீவுப் பக்கம். எந்தப் பகுதி, ஆரின்ரை ஆக்கள் எண்டு ஒரு வருசமாத் துருவினவை. நோட்டீஸ் இணையத்திலை வரும், பாப்பினம். அப்பா சொன்ன மாதிரியே சரவணை எண்டு போடு.”

“அம்மா கேட்டது?”

“அம்மா கேட்டவதான். நாளைக்கு என்ரை பிள்ளை அழுதால் அம்மா வந்து துடைப்பாவோ?”

ஆத்திரத்தில் போனை வைத்தேன். கடைக்குப் போனேன். சரவணை என்று தட்டினேன். அண்ணாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாக நிற்க விரும்பவில்லை. அவன் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தான், விரல் என்னுடையது. மகள் தோட்டக்காட்டாளின் பிள்ளை என்று பஸ் தரிப்பில் கதைப்பார்களே என்பதும் அந்த விரலுக்குள் இருந்தது. சகோதரங்கள் என்று வருகிற இடத்தை வெறுமையாக விட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் யார் செத்தாலும் அறிவித்தல் ஒட்டப் பசை காய்ச்சுவது முதல் வீட்டு அண்ணைதான். கடலுக்குப் போகிறவர், கத்தோலிக்கர், பேச்சுக் குறைவு. சிலுவையோ குத்துவிளக்கோ, கோதுமை மாவைக் காய்ச்சி வாளியில் ஊற்றி மோட்டார்சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்துவிடுவார். அன்றைக்கும் வந்தார். என் கடைக்கு முன்னால் இருக்கிற மின்கம்பத்திலிருந்து சாட்டிச் சந்திவரை ஒட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் செத்தவீட்டுக்கு ஒழுங்கை முழுதும் வந்தது. வாடகைக் கதிரைகள் முற்றம் முழுக்கப் போட்டிருந்தன. ஒன்பதாம் வீட்டுக்காரர் வாசலில் நின்று ஆட்களுக்கு வழி காட்டினார். மேசனின் மனைவி ஒரு மூலையில் கைகூப்பியபடி இருந்தாள். கடைசி வீட்டு அக்கா, அம்மா கீரை வாங்கப் போகிற வீட்டுக்காரி, விடியவே வந்து குசினிக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளைக் கழுவச் சொல்லவில்லை. ஒருவரும் வந்து இரு என்றும் சொல்லவில்லை. நான் அதைக் கண்டேன். கண்டுவிட்டு அவளிடம் இன்னும் பத்துக் கோப்பைகளைக் கொடுத்தேன்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மயானத்துக்குப் போனார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் படலையோடு நின்றுவிட்டோம். கூட்டம் ஒழுங்கை திரும்பி மறைந்த பிறகு அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நோட்டீஸப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பிட்டேன்.”

“எந்த மாமா?”

“உங்க மாமாதான். அம்மாவோட தம்பி.”

எனக்கு மாமா ஒருவர் இருக்கிறார் என்று அம்மாவைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. அவளுடைய புருசனின் சொந்தக்காரர் மூலம் சில வருடங்களுக்கு முன் தேடிக் கண்டுபிடித்தார்களாம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அவர்களுடைய குசினியில் பலகையைப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய போனில், தன் தம்பியோடு பேசியிருக்கிறார். கீரை என்பது எனக்குச் சொன்ன காரணம்.

“நோட்டீஸைப் பாத்திட்டு என்ன சொன்னவர்?”

அவள் தரையைப் பார்த்தாள். “செய்தி சொன்னதுமே நேத்துக் கெளம்பி அவங்க டவுன் பஸ் ஸ்டாண்டு வந்துட்டாருக்கா. அங்கதான் போட்டோவப் பார்த்திருக்காரு. படம் எங்க அக்கா மாதிரித்தான் இருக்கு, ஆனா சரவணையில பொறந்தவங்கன்னு இருக்கே, கூடப்பொறந்தவங்க ஒருத்தரும் இல்லையே, இது வேற யாராச்சுமான்னு கேட்டாரு. இல்ல மாமா, அம்மாதான்னு சொன்னேன். அப்ப நாம வர்றத அந்த வீட்டுல விரும்பலம்மான்னு சொல்லிட்டு, அப்படியே திரும்பிப் போயிட்டாரு.”

அவள் குற்றம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மிச்சக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செத்தவீட்டுத் துடக்கு நாள், கடையைத் திறக்கப்படாது. வீட்டிலும் நிற்க முடியாமல் ஒழுங்கை முனைக்கும் படலைக்குமாக நடந்தேன். எந்தப் பக்கம் போனாலும் கம்பத்தில் அம்மா சரவணையில் பிறந்தவராக நின்றார். எத்தனை பேருக்கு நான் தட்டிக் கொடுத்திருக்கிறேன். வேலணை, காரைநகர், புங்குடுதீவு என்று தீவுப்பகுதியில் யார் எங்கே பிறந்தவர் என்று கேட்டால் நித்திரையில் எழும்பிச் சொல்வேன். என்னைப் பெற்றவர் எங்கே பிறந்தார் என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஐந்தாம் நாள் பின்னேரம் கடைசி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தப் படலையைத் திறந்தது அன்றைக்குத்தான். அவள் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்தாள். நான் குசினி வாசலில் இருந்த பலகையைக் கேட்டு அதில் இருந்தேன்.

“அம்மா எந்தத் தோட்டம்?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தாயின் ஊரை மகள் பிறத்தியாரிடம் கேட்கிறாளே என்ற பார்வை. பிறகு சொன்னாள். கொக்குப்பாறைத் தோட்டம், கீழ்ப் பிரிவு. ஆற்றோரத்து லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. கடைசிக் காம்பரா. அம்மா எத்தனையோ வெள்ளிக்கிழமை அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நான் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மாமாவின் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணாவுக்கு எடுத்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மாமா திரும்பிப் போனதையும். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அம்மா எரிஞ்சு சாம்பலாயாச்சு. இப்ப ஆருக்கு இது?”

“மாமாவுக்கு. எனக்கு.”

“என்ரை பிள்ளைக்கு?”

“அப்பம்மா ஆரெண்டு தெரிஞ்சால் விட்டிட்டுப் போறவன், போகட்டும்.”

“நீ அதை ஒட்டினால் எனக்குத் தங்கச்சி இல்லை” என்றுவிட்டுப் போனை வைத்தான். விட்டுப் போகட்டும் என்று எனக்குச் சொல்லச் சுலபம். கலியாணம் என் மகளுடையது இல்லை. அந்தப் பிள்ளை சின்னதில் ஒரு விடுமுறைக்கு வந்து அம்மாவின் மடியில் படுத்திருந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு நான் செய்வது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனாலும் காலையில் துடக்கையும் பார்க்காமல் கடையைத் திறந்தேன். அதே படம், அதே கறுப்புக் கரை, அதே குத்துவிளக்கு. முதல் வரியை அழித்துவிட்டு, கொக்குப்பாறைத் தோட்டம் கீழ்ப் பிரிவைப் பிறப்பிடமாகவும் சரவணை, வேலணையை வதிவிடமாகவும் கொண்ட, என்று தட்டினேன். கீழே மாமாவின் பெயரைப் போட்டு, அவருடைய அன்பு அக்காவும் ஆவார் என்று முடித்தேன். மேலே ‘திருத்தம்’ என்று போடவில்லை. போட்டால் ஏதோ எழுத்துப்பிழை என்று தாண்டிப் போய்விடுவார்கள். மரண அறிவித்தல் என்றே போட்டேன்.

முதல் வீட்டு அண்ணையிடம் பசை காய்ச்சித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் காய்ச்சிக் கொண்டுவந்தார். ஒழுங்கை முனைக் கம்பத்துக்கு முன்னால் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பழைய நோட்டீஸையும் வாசித்தார்.

“அப்ப போன கிழமை ஒட்டினது ஆர் தங்கச்சி?”

“அது நாங்கள் கதை கட்டிச் செய்த ஆள் அண்ணை.”

அவர் தூரிகையை வாளிக்குள் விட்டார். “அப்ப மேலாலை வடிவா ஒட்டுவம். நீர் அந்தப் பக்கத்தைப் பிடியும்.”

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. புதிதாக ஒட்டியிருக்கிறது, கீழே எங்கள் வீட்டுப் பெயர்கள், முதல் வரியில் ஊர் வேறு; படத்தை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு செத்தவீடு என்று நினைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். ஒன்பதாம் வீட்டுக்காரர் வந்து எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அச்சடித்து ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. வந்த ஒவ்வொருவருக்கும் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சரவணையில் பிறக்கவில்லை. அம்மா மலையகம். எங்களுக்குத் தெரியும், நாங்கள் மறைத்தோம். முதல் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. நாலாம் தடவை சுலபமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், இருக்கவில்லை.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் ஒருத்தி. “உதை ஏன் இப்ப கிளறுறீர்?” என்று அப்பாவின் பக்கத்துச் சொந்தக்காரி ஒருத்தி கேட்டுவிட்டு, நான் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனாள். போகும்போது கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தாள். ஒன்பதாம் வீட்டுக்காரர் மட்டும் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “எங்கட உம்மாட நோட்டீஸ் ஒண்டு அடிக்கேலுமோ தங்கச்சி? அவ மௌத்தாகிப் பத்து வருசம். புத்தளத்திலை. பிறந்தது இஞ்சைதான் எண்டு போட வேணும்” என்றார். அடித்துத் தருகிறேன் என்றேன்.

மாமாவுக்கு அனுப்பச் சொல்லிக் கடைசி வீட்டு அக்காவின் போனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அண்ணாவுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டான், இரண்டு நீலக் கோடும் விழுந்தது. போனை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மணி நாலுக்குப் படலையில் கடைசி வீட்டு அக்கா நின்றாள். தன் போனை உள்ளங்கையில் ஏந்தி நீட்டிக்கொண்டு, வழக்கம் போல வெளியிலேயே நின்றாள்.

“உள்ளை வாங்கோ” என்று சொல்லி அம்மாவின் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் தயங்கினாள். கையைப் பிடித்து இருத்திவிட்டுத்தான் போனை வாங்கினேன்.

மறுபக்கம் மூச்சு வாங்கும் சத்தம். அம்மாவுக்குப் படியேறினால் வருகிற அதே மூச்சு.

“மாமா பேசுறேன்மா. நோட்டீஸு கெடச்சுது. எங்க அக்காதான்.”

“ஓம் மாமா.”

“முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நாங்க வரலாமான்னு கேக்கத்தான் எடுத்தேன். நாலு பேருதான். வந்து ஒரு பக்கமா நின்னுட்டுப் போயிடுவோம். ஒங்களுக்கு அங்க ஏதும் கஷ்டம்னா வேண்டாம்மா.”

அழுகை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவருக்கு வழி சொல்ல வேண்டும், அழுதால் விளங்காது.

“நிக்கிறதுக்கு வரவேண்டாம் மாமா, இருந்து சாப்பிட வாங்கோ. யாழ்ப்பாணத்திலை இறங்கி ஊர்காவற்றுறை பஸ் எடுங்கோ. வேலணை எண்டு கேட்டு ஏறுங்கோ. ஒருத்தரிட்டையும் விசாரிக்கத் தேவையில்லை. பஸ் போற ரோட்டிலை, எங்கடை ஒழுங்கை முனைக் கம்பத்திலை உங்கடை அக்கான்ரை நோட்டீஸ் இருக்கு. உங்கடை பேரும் அதிலை இருக்கு. அதிலை இறங்குங்கோ.”